தொட்டு, நகர்த்தி, தண்ணீர் ஊற்றி: குழந்தைகளுக்கான புவியியல் கருவிகளை நாமே செய்வது எப்படி

கடையில் போய் "ஒரு தமிழ்நாடு மேப், அவுட்லைன்" என்று கேட்டு வாங்கி, நீலப் பென்சிலால் காவிரியை இழுத்து, பக்கத்தில் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அதில் தப்பில்லை, பத்தாம் வகுப்பில் வரைபட வினா இருக்கிறது, அதற்குப் பயிற்சி வேண்டும். ஆனால் அப்படி அழகாக வரைந்த ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: காவிரி பிறக்கும் தலைக்காவிரி குடகு மலையில் இருக்கிறது, அங்கிருந்து அரபிக்கடல் நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள்தான், வங்காள விரிகுடாவுக்கோ ஆறு சுமார் 800 கிலோமீட்டர் ஓட வேண்டும், அப்படியிருக்கப் பக்கத்துக் கடலை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம் போகிறது? நீலக் கோட்டில் இதற்குப் பதில் இல்லை. அட்டையில் செய்த ஒரு மாடலும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

அந்த மாதிரிக் கருவிகளைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும், நூலகத்திலோ மாலை வகுப்பிலோ பிள்ளைகளோடு உட்காருபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காவிரியையும் தமிழ்நாட்டையும் வைத்தே சொல்கிறேன், உங்கள் ஊர் ஆறு வேறாக இருந்தால் அதை வைத்துச் செய்யுங்கள், முறை அதேதான்.

எதைச் செய்தாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை செய்தது சரியா தவறா என்பதை நீங்களோ ஒரு டிக் குறியோ சொல்லக் கூடாது, கருவியில் இருக்கும் நிலமே சொல்ல வேண்டும். பள்ளிக் கண்காட்சிகளில் தவறாமல் ஒரு பலகை வைத்திருப்பார்கள், இடது பக்கம் மாநிலங்கள், வலது பக்கம் தலைநகரங்கள், ஒயரை இரண்டு பக்கமும் சரியாக வைத்தால் பல்பு எரியும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனால் இரண்டு சுற்று விளையாடியதும் எந்தத் திருகுக்கு எந்தத் திருகு என்பது கைக்குப் பழகிவிடும், அதற்கப்புறம் மாநிலத்தின் பெயரைப் படிக்கவே தேவையில்லை. பல்பு எரிகிறது, பாடம் எங்கோ போய்விட்டது. அந்தப் பலகையே வேண்டும் என்றால் அட்டைகளை இடம் மாற்றிச் செருகுகிற மாதிரியாவது செய்யுங்கள்.

முதலில் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"தமிழ்நாட்டின் புவியியல்" என்பது ஒரு கருவிக்கான தலைப்பு ஆகாது, அது ஒரு புத்தகத்துக்கான தலைப்பு. ஒரு கருவிக்கு ஒரு கேள்வி போதும், அதுவும் ஏன், எப்படி, எவ்வளவு தூரம் என்கிற வகைக் கேள்வியாக இருந்தால் நல்லது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எந்தெந்த ஊர் வழியாகப் போகும்? கோயம்புத்தூர்ப் பக்கம் ஏன் அப்படிக் காற்றடிக்கிறது? தென்காசியிலிருந்து சென்னைக்குப் போனால் எத்தனை மாவட்டங்களைத் தாண்ட வேண்டும்? இப்படி ஒரு வரியில் கேள்வியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நடுவில் மலையும் வைக்கலாம், பயிரும் வைக்கலாம், கோயிலும் வைக்கலாம் என்று கை அரிக்கும், அப்போது அந்தத் தாளைப் பாருங்கள்.

வயதும் முக்கியம். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு மாவட்டம், மாநிலம், நாடு என்ற அடுக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே ஜெனீவாப் பிள்ளைகளிடம் பேசியபோது, நான் ஜெனீவாக்காரன், அதனால் சுவிஸ்காரனாக இருக்க முடியாது என்கிற தினுசில் சின்னப் பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். நம் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், "நீ மதுரையா தமிழ்நாடா?" என்றால் ஏதாவது ஒன்றைத்தான் சொல்லும். அந்த வயதுக்கு வகுப்பறையையே மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தீப்பெட்டிகளை அடுக்கி விளையாடினால் போதும். மாநில வரைபடத்தை எட்டு வயதுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம், கீழே சொல்லப் போகிற மூன்றும் அந்த வயதுக்கானவை.

வரைபடத்தைப் பிடிப்பது

இணையத்தில் தேடினால் தமிழ்நாட்டு வரைபடம் ஆயிரம் கிடைக்கும், பாதி பழசு. 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய ஐந்தும் புதிதாக வந்தன, 2020-ல் மயிலாடுதுறை வந்து மொத்தம் 38 ஆனது. எனவே கையில் கிடைத்த வரைபடத்தில் தென்காசியும் மயிலாடுதுறையும் தனியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

இந்தியா முழுவதையும் காட்டப் போகிறீர்கள் என்றால் வெளி எல்லையில் கவனம் தேவை. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்தில் உள்ளபடிதான் எல்லை இருக்க வேண்டும், மாற்றி அச்சிட்டு வெளியிடுவது இங்கே சட்டப்படி குற்றம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற உலகத் தளங்கள் களத்தில் யார் கட்டுப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து எல்லை போடுகின்றன, அதை அப்படியே எடுத்து வகுப்பறையில் ஒட்டினால் சிக்கல் வரும். தமிழ்நாட்டு அளவில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எதை எடுத்தாலும் ஓரத்தில் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி போட வேண்டும், அதுதான் அவர்கள் நிபந்தனை.

இன்னொன்று, மாநிலத்தை மட்டும் வெட்டி எடுத்து வெள்ளைத்தாளில் மிதக்க விடாதீர்கள். பாடப்புத்தகங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும், பிள்ளையும் எல்லைக்கு வெளியே ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். கேரளம், கர்நாடகம், ஆந்திரம் கொஞ்சம் கொஞ்சம் தெரியட்டும், இலங்கையின் வடபகுதியும் தெரியட்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான் என்பதைப் பார்க்கிற பிள்ளை வேறு பத்துக் கேள்வி கேட்கும், அந்தக் கேள்விகள் நமக்கு வேண்டும்.

கருவி ஒன்று: தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் மாடல்

மூன்றில் அதிக வேலை பிடிப்பது இது, அதிகம் சொல்லித்தருவதும் இதுதான்.

அளவு: 1 செ.மீ. = 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குடகிலிருந்து பூம்புகார் வரை கிழக்கு மேற்காகச் சுமார் 48 செ.மீ., பாலக்காட்டுக்குக் கொஞ்சம் தெற்கிலிருந்து பெங்களூருக்குக் கொஞ்சம் வடக்கு வரை சுமார் 30 செ.மீ. ஒரு பிளைவுட் பலகையோ பழைய பரீட்சை அட்டைகள் நான்கைச் சேர்த்து ஒட்டியதோ அடித்தளமாகப் போதும். வரைபடத்தை இந்த அளவுக்குப் பெரிதாக்க, வீட்டு பிளான் பிரிண்ட் எடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள், ஏ1 தாளில் தாராளமாக அடங்கும்.

உயரம்: இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் திகைத்துப்போவார்கள். இதே அளவில் உயரத்தையும் போட்டால் 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வெறும் 2.6 மில்லிமீட்டர்தான் வரும், நீலகிரியே அட்டையில் ஒரு கீறல் மாதிரி இருக்கும். (30 செ.மீ. உலக உருண்டையில் எவரெஸ்ட் 0.2 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் பூமி எவ்வளவு வழவழப்பானது என்று புரியும்.) அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டிக்கொள்கிறோம். பொருள்கள் வரும் சாதாரண அட்டைப்பெட்டியின் அட்டை ஏறத்தாழ 3 மி.மீ. தடிமன் இருக்கும், ஒரு அட்டை 300 மீட்டர் என்று வைத்தால் கணக்கு அப்படியே ஒத்துவரும். தொட்டபெட்டாவுக்கு எட்டு ஒன்பது அடுக்கு, தலைக்காவிரிப் பக்கம் நான்கு, மைசூர் பீடபூமிக்கு இரண்டு, மேட்டூருக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் பலகை. உயரத்தைப் பத்து மடங்கு கூட்டியிருக்கிறோம் என்பதை மாடலின் ஓரத்தில் எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகளிடம் வாயாலும் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊட்டி மலை சுவர் மாதிரி நிற்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

எந்த இடம் எத்தனை மீட்டர் என்று பார்க்க ஓப்பன்டோப்போமேப் தளத்தைத் திறந்தால் சம உயரக் கோடுகள் தெரியும். 300, 600, 900, 1200 என்று உச்சி வரை அந்தக் கோடுகளை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்து, ஒவ்வொன்றையும் கார்பன் வைத்து அட்டையில் பதித்து, கட்டரால் வெட்டுங்கள். கோட்டின் ஒவ்வொரு நெளிவையும் வெட்ட முயலாதீர்கள், கை வலிப்பதுதான் மிச்சம், பெரிய வளைவுகள் வந்தால் போதும். விடக் கூடாத ஓர் இடம் பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இருக்கும் அந்த இடைவெளி மாடலில் 3 செ.மீ. வரும். அதை அடைத்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

அடுக்குகளை ஃபெவிகால் போட்டு ஒட்டிக் காயவிட்டபின், படிக்கட்டு மாதிரி இருக்கும் ஓரங்களைச் சரிவாக்க வேண்டும். செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து மூன்று நான்கு அடுக்காக மேலே ஒட்டுங்கள், அல்லது வால் புட்டியைக் குழைத்துப் பூசுங்கள், புட்டி சீக்கிரம் முடியும் ஆனால் மாடல் கனத்துவிடும். நன்றாகக் காயட்டும். மழைக்காலத்தில் செய்தால் காய்வதற்கே நாளாகும், ஈரத்தோடு பெயின்ட் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். அப்புறம் எனாமல் பெயின்ட் இரண்டு கோட், இதுதான் தண்ணீர் இறங்காமல் காப்பது. வாட்டர் கலர் வேண்டாம், முதல் குவளையிலேயே கரைந்து ஓடும்.

கடைசியாக ஒரு சங்கடம். மேட்டூரிலிருந்து கடல் வரை நம் மாடலில் தட்டையான பலகை, தண்ணீர் அங்கே வந்து தேங்கி நிற்கும். உண்மையிலும் அங்கே சரிவு மிகக் குறைவு, அதனால்தான் முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, கல்லணைக்கு அப்பால் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து டெல்டா உண்டாகியிருக்கிறது. மாடலில் தண்ணீர் நகர வேண்டுமென்றால் மேற்கு ஓரத்துக்கு அடியில் ஒரு தடிமனான நோட்டை வைத்துச் சாய்த்துவிடுங்கள், கிழக்கு ஓரத்தில் ஒரு தட்டு வையுங்கள், அதுதான் வங்காள விரிகுடா. மேற்கு மலைச் சரிவின் அடியிலும் ஒரு பழைய துணியோ ஸ்பாஞ்சோ வேண்டும், அது அரபிக்கடல்.

இப்போது பிள்ளையின் கையில் ஒரு இங்க் ஃபில்லரையும் நீல மை கலந்த தண்ணீரையும் கொடுங்கள். ஆற்றின் பாதையை முன்கூட்டியே பள்ளமாகத் தோண்டி வைக்காதீர்கள், குறைந்தபட்சம் குடகுப் பக்கமாவது தோண்டாதீர்கள். மலை முகட்டுக்கு மேற்கே ஒரு சொட்டு, ஒரு விரற்கடை தள்ளிக் கிழக்கே ஒரு சொட்டு. ஒன்று ஸ்பாஞ்சுக்கு ஓடும், இன்னொன்று பீடபூமியில் இறங்கி மெதுவாகக் கிழக்கே நகரும். முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் வந்துவிட்டது, நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒரு விசிறி போதும். கோயம்புத்தூர், பல்லடம், உடுமலை இருக்கும் இடங்களிலும், நீலகிரிக்குப் பின்னால் ஓரிரு இடங்களிலும் குண்டூசியில் மெல்லிய காகிதக் கொடிகளைக் குத்திவிட்டு, மேற்கிலிருந்து விசிறச் சொல்லுங்கள். கணவாய்க்கு நேரே இருக்கும் கொடிகள் ஆடும், மலைக்குப் பின்னால் இருப்பவை அவ்வளவாக ஆடாது. விசிறியைக் கீழே, பலகை மட்டத்தில் வைத்து வீச வேண்டும், மேலிருந்து வீசினால் எல்லாமே ஆடிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் இதைச் செய்தால், அந்தப் பக்கத்துக் காற்றாலைகள் பற்றிப் பேச்சு தானாக வரும்.

ஒரு சின்னக் குறுக்கீடு: சுவரில் மாட்டாதீர்கள்

வரைபடத்தைத் தரையில் விரியுங்கள், அதன் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கட்டும். சுவரில் மாட்டிய வரைபடத்தில் வடக்கு என்பது மேலே, தெற்கு என்பது கீழே என்று ஆகிவிடுகிறது, அப்புறம் எல்லா ஆறும் கீழ்நோக்கி, அதாவது தெற்கு நோக்கித்தான் ஓட முடியும் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனைமலைப் பக்கமிருந்து புறப்படும் அமராவதி வடக்கு, வடகிழக்காக ஓடி கரூர் அருகே காவிரியில் சேர்கிறது. சுவர் வரைபடத்தில் அது மேலே ஏறுவது போலத் தெரியும். தரையில் விரித்தால் இந்தக் குழப்பமே வராது. தமிழ்நாடு இருக்கட்டும், நைல் நதி வடக்கே ஓடுவதை ஏற்றுக்கொள்ளப் பெரியவர்களே கொஞ்சம் தடுமாறுகிறார்கள்.

கருவி இரண்டு: மாவட்டத் துண்டுகள்

துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா விளையாட்டு புவியியல் பாடத்திலிருந்துதான் பிறந்தது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டிலேயே அறுத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக விற்றார். அவர் செய்ததில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், எல்லைக் கோட்டிலேயே வெட்டினார். இப்போது கடையில் கிடைக்கும் பல வரைபடப் புதிர்கள் எல்லையைக் கண்டுகொள்ளாமல் ஒரே மாதிரிக் கொக்கி வடிவத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும், அதில் பிள்ளை பொருத்துவது படத்தைத்தான், மாவட்டத்தை அல்ல. வாங்குகிறீர்கள் என்றாலும் இதைப் பார்த்து வாங்குங்கள்.

செய்வது எளிது. அதே 1 செ.மீ. = 10 கி.மீ. அளவில் தமிழ்நாடு வடக்கு தெற்காகச் சுமார் 61 செ.மீ. வரும். 5 மி.மீ. சன்போர்டில் ஒட்டி, புது பிளேடு போட்ட கட்டரால் பெரியவர் ஒருவர் வெட்ட வேண்டும். பணம் இருந்தால் எம்.டி.எஃப். பலகையில் லேசர் கட்டிங் கடையில் வெட்டி வாங்கலாம், வருஷக்கணக்கில் உழைக்கும். சென்னை மாவட்டத்தை 2018-ல் பெரிதாக்கிய பிறகும் 426 சதுர கிலோமீட்டர்தான், நம் அளவில் நான்கு சதுர சென்டிமீட்டர், அதாவது தொலைந்துபோகிற சைஸ். ஒன்றுக்கு மூன்றாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாயில் போடுகிற வயதில் தம்பி தங்கை யாராவது வீட்டில் இருந்தால் அந்தத் துண்டைப் பெரிய அடித்தட்டிலேயே நிரந்தரமாக ஒட்டிவிடுவது மேல்.

முதல் நாளே 38-ஐயும் கொட்டாதீர்கள். கடற்கரை மாவட்டங்களை மட்டும் முதலில் கொடுத்தால் வெளிக்கோடு பிடிபடும், பிறகு மேற்கு மலை ஓரம், கடைசியில் நடுப்பகுதி.

காரைக்காலுக்குத் துண்டு வெட்டாதீர்கள். ஓட்டையாகவே விடுங்கள். பழைய நாகப்பட்டினம் மாவட்டம் காரைக்காலுக்கு வடக்கே ஒரு துண்டும் தெற்கே ஒரு துண்டுமாகப் பிரிந்து கிடந்தது, இப்போது வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம் என்று தனித்தனியாகிவிட்டன, நடுவில் கடலோரமாக ஓர் ஓட்டை நிற்கும். "ஒரு பீஸ் காணோம்" என்று பிள்ளை தேட ஆரம்பிக்கும். அப்போது புதுச்சேரிக் கதையைச் சொல்லலாம், ஒரே ஒன்றியப் பிரதேசம் புதுச்சேரி, காரைக்கால், கேரளத்துக்குள் மாஹே, ஆந்திரத்துக்குள் ஏனாம் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பதையும், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடங்கள் அவை என்பதையும். அதற்குப் பிறகு வேண்டுமானால் வேறு நிறத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள்.

துண்டுப் புதிரிலும் அந்தப் பல்புப் பலகையின் நோய் உண்டு, கொஞ்ச நாளில் வடிவம் மனப்பாடமாகிவிடும். அப்போது ஆட்டத்தை மாற்றுங்கள். வழிப்பயணம் என்று ஓர் ஆட்டம்: தென்காசித் துண்டை ஒருவர் வைக்க, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாவட்டத்தை அடுத்தவர் வைக்க, இப்படியே சென்னை வரை போக வேண்டும், அடித்தட்டில் கோடுகள் இருக்கக் கூடாது. தென்காசி, விருதுநகர், மதுரை, திருச்சி, பெரம்பலூர், கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு, சென்னை என்று பஸ்ஸில் போகிற வழியிலேயே போகலாம், கடற்கரையைப் பிடித்துக்கொண்டும் போகலாம். எது குறைவான துண்டுகளில் முடிகிறது என்று சண்டை வரும், வரட்டும். கோடில்லாத தட்டில் துண்டுகள் இடிக்காமல் பொருந்தினால் வழி சரி, நடுவில் இடைவெளி விழுந்தால் ஏதோ ஒரு மாவட்டம் விட்டுப்போயிருக்கிறது.

கருவி மூன்று: ஸ்கிராட்ச்சில் ஒரு தேடல் ஆட்டம்

ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள், கட்டளைகளைக் கட்டைகளாக இழுத்துக் கோத்து விளையாட்டு செய்யலாம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பிள்ளைகளில் ஏழாம் எட்டாம் வகுப்புக்காரர்களை இதைச் செய்யவே விடலாம், சின்னவர்கள் விளையாடட்டும்.

அதன் திரை 480 புள்ளி அகலம், 360 புள்ளி உயரம். நடுப்புள்ளி பூஜ்யம், அங்கிருந்து வலது இடமாக 240 வரை, மேலும் கீழுமாக 180 வரை எண்கள் போகும். ஒரு பாகைக்கு 60 புள்ளி என்று வைத்து, கிழக்குத் தீர்க்கரேகை 78.3, வடக்கு அட்சரேகை 10.8 என்பதை நடுப்புள்ளியாக எடுத்தால் தமிழ்நாடு முழுவதும், குடகும், யாழ்ப்பாணமும், திருகோணமலையும் கூடத் திரைக்குள் அழகாக அடங்கும். எந்த ஊருக்கும் இடம் கண்டுபிடிக்க ஒரே சூத்திரம்: தீர்க்கரேகையில் 78.3-ஐக் கழித்து 60-ஆல் பெருக்கினால் கிடைமட்ட எண், அட்சரேகையில் 10.8-ஐக் கழித்து 60-ஆல் பெருக்கினால் செங்குத்து எண். சென்னை (அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27) என்றால் கிடைமட்டம் 118, செங்குத்து 137. கன்னியாகுமரி (8.08, 77.54) -46, -163. ஊட்டி (11.41, 76.70) -96, 37. பூம்புகார் (11.14, 79.86) 94, 20. திருச்சி கிட்டத்தட்ட நட்டநடுவில், 24, 0.

பின்னணி வரைபடத்தைப் பொருத்த ஒரு குறுக்குவழி உண்டு. முதலில் சென்னை, கன்னியாகுமரி, ஊட்டி மூன்றுக்கும் மேலே சொன்ன எண்களில் சிவப்புப் புள்ளிகளை வைத்துவிடுங்கள். பிறகு வரைபடப் படத்தை உள்ளே கொண்டுவந்து, அந்த மூன்று ஊர்களும் மூன்று புள்ளிகளின் மேல் உட்காரும் வரை இழுத்து, சுருக்கி, நகர்த்துங்கள்.

ஆட்டம் இதுதான். "காவிரி கடலில் கலக்கும் இடத்தைத் தொடு" என்று திரை கேட்கும், ஊர்ப்பெயர் எதுவும் வரைபடத்தில் இருக்காது. பிள்ளை மவுஸை அழுத்தியதும், அழுத்திய இடத்துக்கும் சரியான இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட வேண்டும்: கிடைமட்ட வித்தியாசத்தின் வர்க்கம், செங்குத்து வித்தியாசத்தின் வர்க்கம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம், அதை 1.85-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். ஒரு பாகை 111 கி.மீ., அதை 60-ஆல் வகுத்தால் 1.85, அவ்வளவுதான். (நம் திரையில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட ஒரு கடல் மைல் என்பதைக் கடலோர ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வீட்டில் போய்ப் பெருமையடிப்பார்கள்.) தூரத்தோடு திசையையும் சொல்ல, அழுத்திய இடத்தின் செங்குத்து எண் சரியான எண்ணைவிடக் குறைவாக இருந்தால் "வடக்கே போ", கூடுதலாக இருந்தால் "தெற்கே வா", கிழக்கு மேற்குக்கும் அதே மாதிரி. ஆக, திரையில் வருவது "தவறு" என்ற சொல் அல்ல, "நீ 85 கி.மீ. தள்ளி நிற்கிறாய், வடக்கே போ" என்ற தகவல். 20 கிலோமீட்டருக்குள் வந்தால் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம். விரலால் தொடும் திரை என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

இடங்களின் பெயர், கேள்வி, இரண்டு எண்கள் ஆகியவற்றைத் தனித்தனிப் பட்டியல்களாக வைத்தால் புதுக் கேள்வி சேர்ப்பது சுலபம். கேள்விகளை ஊர்ப்பெயர் கேட்பதாக மட்டும் வைக்காதீர்கள். பவானி காவிரியில் சேரும் இடம், 1934-ல் கட்டிமுடித்த மேட்டூர் அணை, இந்தியாவைத் துல்லியமாக அளக்கும் பெரும்பணிக்கு 1802-ல் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்க்கோட்டை, அளந்த பரங்கிமலைப் பக்கம் என்று கதையுள்ள இடங்களாகச் சேருங்கள்.

தமிழ் எழுத்துக்கு ஓர் எச்சரிக்கை. படம் வரையும் பகுதியில் தமிழைத் தட்டினால் சில கணினிகளில் கொம்பும் காலும் பிரிந்து உடைந்து வரும். பெயர்களை வேறு மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவில் அடித்துப் படமாகச் சேமித்துக் கொண்டுவாருங்கள். திருவண்ணாமலை, மயிலாடுதுறை, கிருஷ்ணகிரி எல்லாம் நீளம், இடம் போதவில்லை என்று எழுத்தைச் சுருக்குவதைவிடப் பெயரைக் கடலில் எழுதிக் கோடு இழுத்துவிடுவது நல்லது. உதகமண்டலம் என்பதா ஊட்டி என்பதா என்று கேட்டால், பிள்ளைகள் பஸ்ஸில் பார்க்கிற பெயரை வையுங்கள்.

இந்தச் சூத்திரத்தை அப்படியே உலக வரைபடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் நமக்கு இரண்டு பாகைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், தூரக் கணக்கு கந்தலாகும். இணையத்தின் பெரும்பாலான வரைபடங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவதும் இந்தச் சிக்கலோடு தொடர்புள்ளதுதான், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. உலகத்துக்கு உருண்டையே நல்ல கருவி.

பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்பது

கருவி முடிந்துவிட்டது என்று தோன்றும்போது பாதிதான் முடிந்திருக்கும். உங்கள் வகுப்பில் இல்லாத, உங்களுக்குப் பயப்படாத மூன்று நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் முன்னால் வைத்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். கஷ்டமான வேலை இது, ஏனென்றால் வாய் நமநமக்கும். முதலில் கை எங்கே போகிறது, எதைத் திருப்பிப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்தால் கருவியிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம், திருத்த வேண்டிய இடம் அதுதான். "பிடிச்சிருக்கா?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, எல்லாப் பிள்ளையும் பிடிச்சிருக்கு என்றுதான் சொல்லும். அதைவிட மறுநாள் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்துக் காவிரியை வரையச் சொல்லுங்கள், மலை எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்பதில் தெரிந்துவிடும்.

சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் வைத்து எதையும் பிரித்துக் காட்டாதீர்கள், நிறக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். கோடு, புள்ளி, கட்டம் என்று கூடவே ஒரு கோலமும் இருக்கட்டும். பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு அந்த மாவட்டத் தட்டிலேயே ஆற்றுக்குச் சணல் நூல், மலைக்கு உப்புத்தாள், கடலுக்கு வழவழப்பான பிளாஸ்டிக் ஒட்டினால் விரலால் படிப்பார்கள், மற்றப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு அதையே விளையாடுவார்கள்.

எல்லாம் திருப்தியாக வந்தபின் டிரேசிங் தாள்களையும் ஸ்கிராட்ச் கோப்பையும் ஒரு உறையில் போட்டு, அளவு, அடுக்குக் கணக்கு, நடுப்புள்ளி எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பக்கத்துப் பள்ளியில் யாராவது கேட்டால் மாடலைத் தூக்கிக் கொடுக்காமல் உறையை நகலெடுத்துக் கொடுக்கலாம், மேலும் அரசு அடுத்த மாவட்டத்தை அறிவிக்கும்போது எல்லாவற்றையும் திரும்ப வெட்டாமல் சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும்.